ஆறு நொடி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குளிர்காலம் இன்னும் முடியவில்லை; புல்லெல்லாம் உறைபனி. பள்ளிப் பேருந்து இருபது நிமிடம் தாமதம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குப் போட்டார்கள். ஃபெர்னுக்கு மட்டும் பிடிபடவில்லை. "ஏழுலேர்ந்து ஒன்பதை எப்படி மிஸ் எடுக்கறது? இல்லாததை எடுக்க முடியாதே!" சிரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை பத்தே முக்காலுக்கு நிலம் ஆடியது. எங்கள் ஊரில்! டாஸ்மேனியாவில் பிறந்து வளர்ந்த நாற்பத்தாறு வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஆறு நொடி. 4.4 என்றது வானொலி. பேக்கரியின் புகைபோக்கி சரிந்தது. என் வகுப்பில் புத்தக அலமாரி விழுந்து ஃபெர்னுக்கு முழங்கையில் சிராய்ப்பு. மற்றபடி எல்லோரும் நலம். களைப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நேற்று எழுதியதைப் படித்தேன். எல்லாம் உண்மை. எழுதாமல் விட்டதுதான் —

எழுதிவிடு மெரின். இங்கேகூட எழுதாவிட்டால் வேறு எங்கே?

பலகைக்கு முன்னால், கதவை ஒட்டி நின்றிருந்தேன். பெரிய லாரி வருகிற மாதிரி ஓர் உறுமல். ஜன்னல்கள் கடகடவென்றன. அடுத்து எனக்கு நினைவிருப்பது புல். மைதானத்தின் நடுவில் நிற்கிறேன். கையில் மூடி திறந்த பேனா. பின்னால் வகுப்புக் கதவு தானாக மூடிக்கொள்கிறது. உள்ளே பிள்ளைகள் அலறுகிறார்கள்.

பதினான்கு பேரை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். ஒரு கையைக்கூடப் பிடிக்கவில்லை.

திரும்பி ஓடினேன், அது உண்மைதான். ஆனால் அதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. விழுந்த அலமாரிக்குப் பக்கத்தில் ஃபெர்ன் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"மிஸ், எங்க போனீங்க?"

"வெளிய வழி சரியா இருக்கான்னு பார்க்கப் போனேம்மா."

எவ்வளவு சுலபமாக வந்தது! ஓடினப்பவும் யோசிக்கலை, பொய் சொன்னப்பவும் யோசிக்கலை.

ஆகஸ்ட் 18, திங்கள்

தலைமையாசிரியை லோர்னா ஊர்ச் செய்தி மடலில் எழுதுகிறாள்: 'நிதானம் இழக்காமல் வழியைச் சோதித்துவிட்டு வந்து பிள்ளைகளைக் காத்த ஆசிரியை.' "போட்டோ ஒண்ணு குடேன் மெரின், சிரிச்ச மாதிரி" என்றாள். கொடுத்தேன்.

மதியம் பள்ளித் தோட்டக்காரர் ராய்ஸ் எதிரே வந்தார். வியாழக்கிழமை மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். "நல்லா ஓடுறீங்க மிஸ். அடுத்த விளையாட்டு விழால உங்களையே இறக்கிடலாம்" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

கேலியா? மிரட்டலா? சும்மா சொன்னாரா? நாள் முழுக்க இதே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மறுபடி ஒரு சின்ன அதிர்வு. கோப்பைகள் லேசாகக் கிணுகிணுத்தன, அவ்வளவுதான். பார்த்தால் நான் வாசலுக்கு வெளியே நிற்கிறேன்.

சவரம் செய்துகொண்டிருந்த க்ளைவ், முகமெல்லாம் நுரையோடு எட்டிப் பார்த்தான். "கட்டின புருஷனை அம்போன்னு விட்டுட்டு ஓடுறியேடி!" விழுந்து விழுந்து சிரித்தான். நான் அழுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன்.

முகத்தைத் துண்டால் துடைத்தான். பிறகு, "ராய்ஸைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றான்.

"யாருக்கும் தெரியாது."

"அப்ப விடு. உடம்புதான் ஓடிச்சு, நீ ஓடலை."

உடம்பு வேறு, நான் வேறா? அப்படியென்றால் பொய் சொன்ன வாய் யாருடையது?

ஆகஸ்ட் 25, திங்கள்

யாரிடமும் சொல்லப்போவதில்லை. முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஃபெர்னின் அப்பா டாரில் பள்ளி விடும் நேரத்துக்கு வந்தார். பண்ணைச் சேறு காயாத பூட்ஸ். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"இன்னிக்குக் காலைல பால் டேங்கர் வந்துச்சு மெரின். அது வந்தா வீடு லேசா அதிரும், எப்பவும் உள்ளதுதான். இவ, தம்பியை அப்படியே நாற்காலில விட்டுட்டு வெளிய ஓடிட்டா. நேரா டேங்கருக்கு முன்னாடி. டிரைவர் பிரேக்கை மிதிச்சாரு, சக்கரம் இவ்வளவு தூரத்துல நின்னுச்சு."

கைகளை விரித்துக் காட்டினார். ஒரு முழம்கூட இல்லை.

"ஏன்டி ஓடினேன்னு கேட்டா, 'வழி சரியா இருக்கான்னு பார்க்கணும், மிஸ் அப்படித்தான் செஞ்சாங்க'ங்கறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்கன்னா அவளுக்கு உசிரு."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "பேசறேன்" என்று மட்டும் சொன்னேன்.  

ஆகஸ்ட் 29, வெள்ளி

பள்ளி முடிந்து நேராக டாரிலின் கறவைக் கொட்டகைக்குப் போனேன். அப்பாவும் மகளும் இருந்தார்கள். ஃபெர்னுக்கு முன்னால் மண்டியிட்டேன்.

"அன்னிக்கு நான் வழி பார்க்கப் போகலைம்மா. பயந்துட்டேன். உங்களையெல்லாம் விட்டுட்டு ஓடிட்டேன். அப்புறம் பொய் சொன்னேன். ஓடினது தப்பு. மேசைக்கு அடியில போயிருக்கணும், உங்களையும் போகச் சொல்லியிருக்கணும்."

ஃபெர்ன் அப்பாவைப் பார்த்தாள். டாரில் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வாரம்! ரெண்டு வாரமா ஊரெல்லாம் உங்களைத் தூக்கி வெச்சுப் பேசிட்டுத் திரியறேன்."

"தெரியும் டாரில்."

"ஓடினதை விடுங்க, நானா இருந்தாலும் ஓடியிருப்பேனோ என்னமோ. ஆனா என் பொண்ணு லாரிக்கு அடியில போயிருப்பாளே! நேத்து நான் வந்து நின்னப்பகூட வாயைத் திறக்கலையே நீங்க! கிளம்புங்க. இப்ப உங்க முகத்தைப் பார்க்கவே பிடிக்கலை."

கிளம்பினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

லோர்னாவிடம் சொன்னேன். செய்தி மடலை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நான் கல்வித் துறை மேலிடத்துக்குத் தெரிவிச்சாகணும். மடல்ல திருத்தமும் போடணும். அதை நீயே எழுது."

நான்கு வரி. எட்டுத் தடவை அடித்து அடித்து எழுதினேன்.

ஃபெர்ன் இன்று வரவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

பெற்றோர் கூட்டம். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை. "இவங்களை நம்பி எப்படிப் புள்ளைங்களை விடறது?" என்று ஒரு தாய் லோர்னாவிடம் கேட்டாள், நான் அங்கே இல்லாதது போல. என்ன தப்பு அந்தக் கேள்வியில்?

பின்வரிசையிலிருந்து ராய்ஸ் எழுந்தார். "நானும் அன்னிக்கு மெஷினைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வேலி தாண்டி ஓடினேன். மிஸ்ஸாவது திரும்பிப் போனாங்க. என்னை யாரும் கேட்கலை, அதான் சொல்லலை."

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு மாற்றுகின்றன. டாரில் மடியிலிருந்த தொப்பியையே பார்த்தபடி இருந்தார். 

செப்டம்பர் 12, வெள்ளி

மேலிடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. இந்தத் திங்களிலிருந்து ஃபெர்ன் வருகிறாள். டாரில்தான் கொண்டுவந்து விடுகிறார்; வண்டியை விட்டு இறங்குவதில்லை.

இன்று நில அதிர்வுப் பயிற்சி. மணி அடித்ததும் பன்னிரண்டு பேரும் மேசைகளுக்கு அடியில் புகுந்தார்கள். நானும் முட்டியை மடக்கி, ஃபெர்னின் மேசைக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டேன்.

"மிஸ், நிஜமா ஆடினா ஓடிடுவீங்களா?"

மற்ற மேசைகளிலும் சத்தம் நின்றது.

"தெரியலைம்மா. ஓடாம இருக்கப் பார்க்கறேன்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் கம்பளிச் சட்டையின் கையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பயிற்சி முடிந்த மணி அடித்தது. அவள் விடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.