டப்பாவில் இருந்த கடைசிப் பிடி

கல்லூரித் தோழிக்கு,

உன் புள்ளி அவரை விதையை வண்டு தின்றுவிட்டதாம். பத்து விதை கேட்டிருக்கிறாய்.

வீடு வீடாகத் தோட்டவேலை பார்க்கும் என் அப்பா, இருபது வருஷம் காத்த அந்த விதையை நம் விதைப் பகிர்வுக் கூட்டத்தில் நீட்டியபோது, "எந்த வீட்டுல சுட்டீங்க, தோட்டக்காரரே?" என்றாய். எல்லோரும் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் தரையைப் பார்த்தபடி உனக்கு மட்டும் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தேன்.

அப்பாவின் விதை டப்பாவில் மிச்சம் ஒரு பிடி இருந்தது. வேறு யாரிடமும் இல்லை. உன் கடிதம் வந்த அன்றே ஊறவைத்து, மறுநாள் உப்புப் போட்டு வேகவைத்தேன்.

"பூப்போல வெந்திருக்கும்மா" என்று அப்பா மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அது எந்த டப்பாவில் இருந்ததென்று அவரிடம் நான் சொல்லவில்லை. நீ வந்து சொல்.

இப்படிக்கு,
தோட்டக்காரர் மகள்