தும்பைமடைப் பாவடியில் சிவப்புக் கார் வெயிலிலேயே நிற்க வேண்டி

அனுப்புநர்:
க. சென்னகேசவன்,
நெசவாளர், வாசகசாலைச் செயலாளர்,
பாவடித் தெரு, தும்பைமடை,
(அருப்புக்கோட்டை – திருச்சுழி சாலை),
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
செவல்குளம்.

பொருள்: தும்பைமடைப் பாவடியில் ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் நிற்கும் விலையுயர்ந்த பந்தயக் காருக்கு ஷெட் கட்ட இடம் ஒதுக்குவதை நன்றியுடன் ஆட்சேபித்தல், படுத்திருக்கும் கல் ஒன்றை நிற்க அனுமதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பாவடித் தெரு விளக்குக் கம்பத்தில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அறிவிப்பு கிடைத்தது. கம்பத்தில் ஒட்டியிருந்ததை நான் உரக்கப் படித்தேன். தெரு நின்று கேட்டது. ஆட்சேபணை உள்ளவர்கள் செப்டம்பர் 19 பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று கண்டிருந்தது. உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று அரசாங்கம் எங்களைக் கேட்டது இதுவே முதல் தடவை. அதற்கு முதலில் நன்றி. ஆட்சேபணை உண்டு.

2. தாங்கள் நெல் விளையும் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் என்பதால் பாவடியைப் பற்றிச் சில வரிகள். சேலை நெய்யுமுன் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காயவைக்க வேண்டும். அதற்கென்று விட்ட திறந்த இடமே பாவடி. ஒரு முனையில் ஒரு கல்தூண், மறு முனையில் ஒரு கல்தூண், நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தை நம்பித்தான் இந்தத் தெருவில் தறிகள் ஓடுகின்றன. இடத்தின் நீளம் குறைந்தால் பாவு குறையும். பாவு குறைந்தால் சேலை குறையும். சேலை குறைந்தால் அதை வாங்கியவர்கள் பேசும் பேச்சை மனுவில் எழுத முடியாது.

3. இனி கார். பஞ்சுக்கடை அருஞ்சுனை அவர்களின் ஒரே மகன் திரு. ராஜகுரு, சென்னையில் ஊர் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கி வந்தது. சிவப்பு நிறம். இருவர் உட்காரலாம், உட்கார்ந்தவர் விரும்பினால் கையை நீட்டித் தரையைத் தொடலாம். கூரை துணியால் ஆனது. ஊருக்குள் வந்த அன்றே, அருஞ்சுனை அவர்கள் வீட்டு வாசலில் சாக்கடைமேல் போட்டிருக்கும் கற்பலகையில் காரின் வயிறு தட்டியது. வயிறு தட்டினால் அந்த இனத்துக் கார் மேற்கொண்டு போகாது. ஆகவே பாவடியில் விட்டுத் திருப்பினார்கள். பின்பக்கமாக வந்த கார் மேற்கு முனைக் கல்தூணில் மோதியது. தூண் இரண்டாக முறிந்தது. காரில் ஒரு கீறல் விழுந்தது. ஊர் கூடிக் கீறலைப் பார்த்தது. தூணைப் பார்த்தவர் ராஜகுரு ஒருவர்தான்; அதன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்களிடம் மன்னிப்பும் கேட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர்மேல் மரியாதை.

4. புதுத் தூண் வேண்டித் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினோம். மேற்படி தூண் ஒன்றியச் சொத்துக்களில் சேர்க்கப்படாததால், இல்லாத தூண் உடைந்ததாகக் கருத இயலாது என்று பதில் வந்தது. தெளிவான பதிலுக்கு நன்றி. ராஜகுரு தம் பொறுப்பில் எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து ஒரு நல்ல கல்லை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து இறக்கினார். பொது இடத்தில் தனியார் கல் நடுவது ஆக்கிரமிப்பு என்று தங்கள் ஊழியர் தடுத்தார். படுத்திருக்கும் கல் ஆக்கிரமிப்பாகாது, நிற்கும் கல்தான் ஆகும் என்றும் விளக்கினார். எனவே கல் படுத்திருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதன்மேல் உட்காருகிறார்கள். சக்கரமுள்ள பொருள் நின்றாலும் ஆக்கிரமிப்பாகாது என்பதால் காருக்குத் தடையில்லை. சட்டம் இவ்வளவு நுட்பமானது என்று இந்தத் தெருவுக்கு முன்பு தெரியாது.

5. தூண் முறிந்த மறுநாளே பாவு போட வேண்டியிருந்தது. கஞ்சி காய்ச்சியாகிவிட்டது. கஞ்சி அரசாணைக்குக் காத்திருக்காது. பாவு போடுவதில் எங்களுக்கெல்லாம் மேஸ்திரியான லிங்கம்மாள், தூண் இருந்த அதே இடத்தில் கார் நிற்பதைக் கண்டார். "தூணைத் தின்னது தூணா நிக்கட்டும், கட்டுங்கப்பா" என்றார். காரின் பின்பக்கம் பளபளவென்றிருக்கும் இரும்புப் பட்டையில் கயிறு கட்டப்பட்டது. பாவு முழுக்கக் கஞ்சி ஏறிய நேரத்தில் ராஜகுரு மதுரைக்குப் புறப்பட்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். பிறகு நடந்த பேச்சு இந்த விவகாரத்தின் அடிப்படை என்பதால் உள்ளபடியே தருகிறேன்.

"எங்க தம்பி கெளம்பிட்டீக? கஞ்சி காயட்டும், பொறவு போவீக."

"மதுரையில ஒருத்தவுக காத்துக்கிட்டிருக்காக அக்கா."

"அவுக காஞ்சா காயட்டும். இது காயாம அவுத்தா எங்க அடுப்பு காயும்."

அப்போது காரின் கைப்பிரேக் சற்று இளகி, கார் பாவின் பக்கம் நகர்ந்தது. நூல் தொய்ந்தது. "ஏறி மிதிங்க தம்பி, பாவு தொய்யுது!" என்று லிங்கம்மாள் போட்ட சத்தத்தில் ராஜகுரு காரைச் சற்று முன்னே எடுத்து, பிரேக்கை மிதித்தபடி கஞ்சி காயும்வரை உட்கார்ந்திருந்தார். மதுரைக்காரர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. அன்று முதல் பாவு போடும் நாளெல்லாம் ராஜகுரு வந்து ஏறி உட்கார்ந்து மிதிக்கிறார். நாங்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் இழு, விடு, நிறுத்து என்னும் மூன்று சொற்களையும் கற்றுவிட்டார். மணிக்கு நூறு மைல் ஓடக்கூடிய வாகனத்தை ஒருவர் இவ்வளவு பொறுமையாக ஓட்டாமல் இருப்பதை நாங்கள் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

6. கார் வெட்டவெளியில் நிற்பதால் ஊர் அடைந்த நன்மைகளைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவர்களாவோம். அருப்புக்கோட்டை பஸ் முன்பு இங்கே நிற்காது. இப்போது பயணிகள் காரைப் பார்க்க வேண்டுமென்று நிற்கிறது, நாங்கள் ஏறிக்கொள்கிறோம். காரைப் பார்க்க ஜீப்பில் வந்த மேலதிகாரி ஒருவர் குழியில் இறங்கி ஏறியதால் சாலைக்குச் சரளை விழுந்தது. காருக்குக் காவலாகப் போட்ட தெருவிளக்கில் எங்கள் பெண்கள் ராட்டை சுற்றுகிறார்கள். மகப்பேறு நர்ஸ் வேண்டி எழுதிய மனுக்கள் இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன. அவரும் ஒரு நாள் காரைப் பார்க்க வருவார் என்று நம்புகிறோம். இவ்வளவும் கார் கண்ணில் படுவதால் வந்தவை. ஷெட்டுக்குள் போன காருக்காக எந்த பஸ்ஸும் நிற்காது.

7. விலையுயர்ந்த காரை ஆண்டு முழுவதும் வெளியில் நிறுத்தலாமா என்பது நியாயமான கேள்வி. காருடன் வந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசகசாலையில் வைத்துப் படித்தேன். வெளியில் நிற்கும் காருக்கு அது சொல்லும் எதிரிகள் மூன்று: உறைபனி, சாலையில் தூவும் உப்பு, விடாத மழை. முதல் இரண்டையும் இந்த ஊர் கண்டதில்லை. மூன்றாவதைக் காண மிகவும் ஆசைப்படுகிறது. கூரைத் துணி மடக்கிய இடத்திலேயே இற்று, மூடவே வராமல் போயிற்று. ஆனால் இந்த ஆண்டு அதை மூட வேண்டிய அவசியம் ஒரு முறையும் எழவில்லை. பெட்ரோல் விலை ஏறிய பின் காரை ஓட்டவேண்டிய அவசியமும் அவ்வளவாக எழவில்லை.

வெயில் தொல்லை உண்டு, மறைக்கவில்லை. சாயம் வெளிறியிருக்கிறது, சீட்டுத் தோல் வெடித்திருக்கிறது. அதைத் தடுக்க, விலைபோகாத சேலைகளைச் சேர்த்துத் தைத்து ஓர் உறை செய்தோம். துணி என்றால் கஞ்சி போடுவது எங்கள் கைப்பழக்கம். யாரும் யோசித்துச் செய்யவில்லை. நல்ல கெட்டிக் கஞ்சியாகப் போட்டுக் காரின்மேல் விரித்தோம். நரிக்குடியிலிருந்து மேய்ச்சலுக்கு வந்த சோணைமுத்துவின் ஆடுகள் பகலுக்குள் கஞ்சியையும் உறையில் பாதியையும் தின்றுவிட்டன. போய்ப் பார்த்தபோது இரண்டு ஆடுகள் உள்ளே சீட்டில் இருந்தன. நியாயம் கேட்டதற்குச் சோணைமுத்து, "வண்டிக்குச் சீலையும் கட்டி, கஞ்சியும் ஊத்தி வச்சா, ஆடு கும்பிட்டுட்டா போகும்?" என்றார். அவர்மேல் புகார் ஏதுமில்லை.

8. இதையெல்லாம் தாங்க முடியாதவர் அருஞ்சுனை அவர்கள். மகன் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் வெயிலில் காய்வதைப் பார்த்துப் பார்த்து, உச்சி வேளையில் கடையை விட்டு வந்து காரின் முன்பக்கத்துக்குக் குடை பிடித்து நிற்பார். உங்கள் தலை காய்கிறதே என்றால், "எந் தலையில என்ன பெயிண்டா அடிச்சிருக்கு?" என்பார். ஷெட்டுக்கு மனுக் கொடுத்தவரும் அவரே. தாங்களும் நேரில் வந்து அளந்தீர்கள். காரில் உட்கார்ந்தும் பார்த்தீர்கள். எழுந்திருக்கச் சற்றுச் சிரமப்பட்டீர்கள். இரு பக்கமும் நின்ற நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒதுக்கக் கருதியிருப்பது பாவடியின் மேற்கு முனை. அதாவது, எங்கள் பாவு முடியும் இடம். அங்கே சுவர் எழுந்தால் பாவு ஷெட்டின் நீளத்துக்குக் குறையும். சேலை நீளம் குறைந்த ஊருக்கு யாரும் நூல் கொடுக்க மாட்டார்கள்; தறியைக் கழற்றிக்கொண்டு எங்கே போவதென்று இரண்டு குடும்பங்கள் இப்போதே விசாரிக்கின்றன. ஒரு காருக்கு நிழல் தரும் தங்கள் நல்லெண்ணத்தில் இந்த ஒரு விளைவு மட்டும் கவனத்தில் வராமல் போயிருக்கலாம்.

9. அறிவிப்பு ஒட்டிய வாரத்தில் ராஜகுருவுக்குக் காய்ச்சல். பாவு விரித்தாகிவிட்டது, மிதிக்கக் கால் இல்லை. அருஞ்சுனை அவர்கள் வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே குடையுடன் வந்தார். லிங்கம்மாள், "மொதலாளி, குடைய இங்க குடுங்க, நீங்க ஏறி மிதிங்க" என்றார். பெரியவரை இரண்டு பேர் பிடித்து உள்ளே இறக்கினோம். மூன்று ஆண்டில் அவர் அந்தக் காருக்குள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கஞ்சி காயும்வரை அவர் காலை எடுக்கவில்லை. லிங்கம்மாள் ஒரு கையில் கஞ்சிப் பிரஷும் மறு கையில் குடையுமாக இடையிடையே வந்து நிழல் கொடுத்தார். இறங்கிய பின் பெரியவர் பாவின் முழு நீளத்தையும் கிழக்கு முனைவரை நடந்து பார்த்துத் திரும்பினார். "இம்புட்டும் இந்தக் கால்லயா நிக்கிது? பய இத்தன நாளா எங்கிட்டச் சொல்லலையேப்பா" என்றார். பிறகு, "செட்டு வேண்டாம். கல்ல நட்டுத் தரச் சொல்லு. எம் மகனும் நாலு எடம் போய் வரட்டும்" என்றார்.

அப்படியானால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். "எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்குற பழக்கம் நம்ம கடையில கெடையாது. நீ ஆட்சேபண போடு. ஆபீசரு என்னையத் தோக்கடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே, ஷெட் கேட்டவரின் முழுச் சம்மதத்துடனும் அவர் சொற்படியுமே அவரை எதிர்த்து இந்த ஆட்சேபணையைச் சமர்ப்பிக்கிறேன். அவரைத் தோற்கடித்தால் அவர் தங்களுக்குக் கடமைப்பட்டிருப்பார்.

10. ஆகவே ஐயா அவர்கள் பாவடியில் ஷெட் கட்ட இடம் ஒதுக்குவதைக் கைவிட்டு, காரை இப்போது நிற்கும் வெயிலிலேயே நிற்க விடுமாறு கேட்டுக்கொள்கிறோம். சாலையோரம் படுத்திருக்கும் கல்லை எழுந்து நிற்க அனுமதிக்கவும் வேண்டுகிறோம். கல் இருக்கிறது, நட ஆள் இருக்கிறது, குழி தோண்ட ராஜகுருவே மண்வெட்டி வைத்திருக்கிறார். வேண்டியது தங்கள் கையெழுத்து ஒன்றுதான். கல் நின்ற பிறகும் காரைப் பாவடியோரம் நிறுத்திக்கொள்ளலாம் என்று தெருவே ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்கள் பாவை மூன்று ஆண்டு தாங்கிய வண்டியை நாங்கள் போகச் சொல்ல மாட்டோம். ஒரு முறையாவது அது ஓடுவதைப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறோம்.

இதுவரை செய்த நன்மைக்கும், இனி செய்யாமல் விடப்போகும் நன்மைக்கும் தெருவின் சார்பில் நன்றி.

இடம்: தும்பைமடைப் பாவடி
நாள்: 19.9.1974

தங்கள் அன்பை மறவாத,
(ஒப்பம்) க. சென்னகேசவன்

உடன் ஒப்பமிட்டோர்: லிங்கம்மாள் (கைநாட்டு), மற்றும் தெருவார்.
ஆட்சேபணையை ஆட்சேபிக்காதவர்: அருஞ்சுனை (ஒப்பம்).

குறிப்பு: இம்மனுவைப் பன்னிரண்டு மணிக்குள் தங்கள் கையில் சேர்ப்பதற்காக, பஸ்ஸைவிடக் காரில் சீக்கிரம் போய்விடலாம் என்று ராஜகுரு அன்புடன் சொன்னதை நம்பிக் காலை பஸ்ஸை விட்டுவிட்டேன். அவர் காரில்தான் இருக்கிறார்; நானும் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதி முடிக்கிறேன். வானம் மூடியிருப்பதால் கஞ்சி இன்னும் காயவில்லை. காய்ந்ததும் அவிழ்த்துவிட்டுப் புறப்படுகிறோம். தாமதமாகியிருந்தால் ஐயா அவர்கள் பொறுத்தருள வேண்டும்.