இடுப்பு ஊசி

வெள்ளி இரவு, இஷா தொழுத பிறகு.

கோபம் இன்னும் ஆறவில்லை. இன்று மகன் ரிஸ்வான் என்னைக் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். என் இரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றித் தெளியவைத்து, இடுப்பில் ஊசியாகப் போட்டார்கள். மூட்டில் தேய்ந்த இடம் அதனால் ஆறக்கூடுமாம்.

ஊசிக்கு முதல் டொக்டர் என்னிடம்தான் கேட்டார். "உம்மா, வலி குறைஞ்சா முதல்ல என்ன செய்ய ஆசை?"

நான் வாயைத் திறக்க முன்னம் ரிஸ்வான் சொன்னான். "பேரனைத் தூக்கி வச்சிருக்க ஏலுமெண்டா போதும் டொக்டர். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போற."

"இந்த வயசுல நிச்சயமா சொல்ல ஏலாது, பார்ப்போம்" என்றார் டொக்டர். அதையும் அவனைப் பார்த்துத்தான் சொன்னார்.

இடுப்பு என்னுடையது. இரத்தமும் என்னுடையது. எத்தனை காலமாகக் கதிரையில் உட்கார்ந்து தொழுகிறேன். நெற்றியைத் தரையில் வைத்து ஒரு ஸுஜூது செய்ய வேண்டும். அதற்காகத்தான் ஊசிக்குச் சம்மதித்தேன்.

திரும்பிக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வரும்போது அவனிடம் அதைச் சொன்னேன். சிரித்தான். "கதிரையில தொழுதாலும் நன்மை ஒண்டுதானே உம்மா."

அது எனக்குத் தெரியாதா? அவனுக்கு ஓதிக்கொடுத்ததே நான்தானே.

வீட்டுக்கு வந்ததும், பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதை மருமகளிடமும் சொன்னான். அவள் தலையாட்டினாள். பிறகு பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, "தூக்க வேணாம் மாமி, சும்மா வச்சிருங்க" என்று போய்விட்டாள்.

அவள் இன்னும் வரவில்லை.