கையுறை போட்ட கை

அன்புள்ள அப்பாவுக்கு,

தாதியர் செய்முறைப் பரீட்சையின் முடிவு இன்னும் வரவில்லை என்று தொலைபேசியில் சொன்னேன். அது பொய். காயத்துக்கு மருந்து கட்டும் பகுதியில் தவறிவிட்டேன்.

கைகழுவி, கிருமி நீக்கிய கையுறையும் போட்டுவிட்டேன். அப்போது மேசையிலிருந்து ஒரு தாள் விழுந்தது; என் கால் அதில் பட்டுவிட்டது. என்னை அறியாமலே குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சின்ன வயதில் நீங்கள் பழக்கியது.

"சரஸ்வதி உம்மோடை கோவிக்கமாட்டா, பிள்ளை. ஆனா அந்தக் கையாலை இனி இவரின்ரை புண்ணைத் தொட ஏலாது," என்றார் பரீட்சை நடத்திய சிஸ்டர். கட்டிலில் இருந்த நோயாளிகூடச் சிரித்தார்.

அடுத்த வெள்ளி திரும்பவும் பரீட்சை.

உங்கள் கால் பெருவிரல் காயம் மூன்று வாரமாக ஆறவில்லை என்று அம்மா சொன்னார். பூசைக்குப் போகும்போது அதை மறைக்க வேட்டியை இறக்கிக் கட்டுகிறீர்களாம். கேட்டால், "சும்மா கல்லு குத்தினது" என்கிறீர்களாம். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் உள்ளவருக்குச் சும்மா காயம் என்று ஒன்று இல்லை, அப்பா.

ஞாயிறு முதல் படகில் நயினாதீவுக்கு வருகிறேன். எனக்குப் பழகுவதற்கு ஒரு கால் வேண்டும். கட்டி முடித்ததும் இருவருமாக ஊர்காவற்றுறைக்குப் போய் டொக்டரிடம் காட்டுவோம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் காலைத் தொட்ட கையை அன்றைக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டேன். நீங்களும் கோவிக்கக் கூடாது.

உங்கள் மகள்