மாஸ்டர் பக்கத்து பிரேக்

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

கண்ணை மூடினால் அந்த சிமெண்ட் லாரியின் பின்பக்கம்தான் தெரிகிறது.

இன்று அரியலூரில் ஒரு பழைய காரை ஓட்டிப் பார்த்தேன். எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலை. பக்கத்தில் அண்ணன், பின்னால் காரின் சொந்தக்காரர். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. என் கால் அசையவில்லை. கார் தானாக நிற்கும் என்று இருந்துவிட்டேன். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை நாளும் அவர்தான் மிதித்திருக்கிறார்! அண்ணன் கத்திய பிறகுதான் மிதித்தேன். மிதித்ததும் கார் அங்கேயே நின்றது.

"பிரேக்கே புடிக்கலண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

"இப்பதாங்க மாத்துனேன், இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்க" என்று சொந்தக்காரர் கெஞ்சினார்.

"என் தங்கச்சி பொய் சொல்லாதுங்க" என்று அண்ணன் சாவியை அவர் கையில் வைத்துவிட்டான். பெரம்பலூர் வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாளைக்குப் பூலாம்பாடியில் வேறொரு கார். "பிரேக் சூப்பரா இருக்காம், பயப்படாம ஓட்டு. பாப்பாவையும் கூட்டிட்டுப் போவோம்" என்கிறான். பாப்பா அவனுடைய மூன்று வயது மகள்.

இதை எழுதும்போதும் வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது.