போனுக்குப் போகாத மீட்டர்

காவாந்தண்டலம்,
வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வளர்மதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடும் கன்றும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை செந்தமிழனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் உன் அம்மா பேச்சை எடுத்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் மாடு கத்துகிறது என்று பொய் சொல்லி வைத்துவிடுகிறேன். அந்த மாடு பாவம், என் பொய்யில் கத்துகிற அளவுக்கு நிஜத்தில் கத்தியதே இல்லை. காகிதம் என்றால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே எழுதலாம், நீயும் அழுது முடித்துவிட்டு மேலே படிக்கலாம். டென்மார்க்குக்குப் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் போஸ்ட் ஆபீஸ் பெண் சிரிக்கிறாள், போய்ச்சேரும் தாத்தா என்கிறாள், அவ்வளவுதான்.

சித்திரைக் கடைசியில் பெய்த மழையில் பக்கத்துப் பனைமரத்தில் இடி விழுந்து நம் மீட்டர் கருகிப்போனதைச் சொன்னேன் இல்லையா. மொட்டைமாடியில் கரண்ட் எடுக்கிற காத்தாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரியும் இன்வெர்ட்டரும் தப்பித்துக்கொண்டன, மீட்டர் மட்டும் போய்விட்டது. நீ உடனே பழைய மீட்டரின் படத்தை அனுப்பி இதையே வாங்குங்கப்பா, போனுக்கு வர்றதுதான் வேணும், வேற எதுவும் வாணாம் என்று சொன்னாய். மறுநாளும் சொன்னாய், அதற்கு மறுநாளும் சொன்னாய். நான் அதை வாங்கவில்லை, வேறு ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். கோபித்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

மீட்டர் என்றால் ஒரே தினுசுதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உத்திரமேரூர் பஞ்சாட்சரம் கடையில் போய் உட்கார்ந்த பிறகுதான் அதில் இத்தனை சங்கதி இருப்பது தெரிந்தது. ஒன்று வோல்ட்டை மட்டும் காட்டுமாம், அதை நம்பினால் பேஜார்தான், காற்று அடிக்கிற நேரத்தில் பேட்டரி காலியாக இருந்தாலும் வோல்ட் ஏறி நிற்கும், நிறைந்துவிட்டது என்று எதையாவது போட்டால் பொசுக்கென்று இறங்கிவிடும். இன்னொன்று பேட்டரியின் மைனஸ் ஒயரில் ஒரு பித்தளைக் கட்டையை மாட்டி அதன் வழியாக உள்ளே வருகிறதையும் எண்ணும், வெளியே போகிறதையும் எண்ணும், காத்தாடி கொடுத்தது எவ்வளவு, வீடு தின்றது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று சுவரிலேயே பெரிய எழுத்தில் காட்டும். மூன்றாவதும் அதேதான், கூடவே போனுக்கும் அனுப்பும், நீ கேட்டது அது. பஞ்சாட்சரம் எதையும் என் தலையில் கட்டப் பார்க்கவில்லை. எது வாங்கினாலும் ரெண்டு வழியும் எண்ணுறதா வாங்குங்க, வூட்ல பெரிசா இழுக்கிற சாமான் இன்னா கீதுன்னு சொல்லுங்க, அத்த தாங்கற சைஸுல வாங்கணும் என்றார். மோட்டார் கரண்ட் ஆபீஸ் லைனில் ஓடுகிறது, ஃபேன், லைட், டிவி, அவ்வளவுதான் என்றேன். அவர் விடவில்லை, மிக்ஸி, கிரைண்டர் எதுவும் இல்லியா என்றார். கிரைண்டர் கீது என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா.

உன் அம்மாவுக்கு அந்தக் காத்தாடியும் தெரியாது, மீட்டரும் தெரியாது. நீ வந்து மாடியில் பைப்பை நட்டு அதை மாட்டியபோது ஊரே வேடிக்கை பார்த்தது, வெளிநாட்டுல காத்தாடி கம்பெனில வேலை பாக்குது பொண்ணு, அதான் அப்பன் வூட்டு மேலயும் ஒண்ணு குத்தி வச்சிட்டுப் போவுது என்று பேசினார்கள். உன் அம்மாவுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான், வீட்டில் எதைப் போட்டாலும் உன் போனில் கோடு ஏறும் என்று நீ காட்டினாயே, அது. அன்றையிலிருந்து காலையில் அரைத்துக்கொண்டிருந்த மாவைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஏன்டி இந்த வெயிலில் என்று கேட்டால், அங்க இப்பதான் மத்தியானம், பாப்பா போனைப் பாத்துக்கினு இருக்கும், கோடு ஏறுச்சின்னா அம்மா மாவு அரைக்குதுன்னு தெரிஞ்சிக்கும், சாப்பிடணும்னு ஞாபகம் வரும், இல்லன்னா அது வேலை வேலைன்னு பட்டினி கெடக்கும் என்பாள். இரண்டு பேருக்கு எவ்வளவு மாவு! தோசை சுட்டு எனக்குப் போடுவாள், மிச்சத்தை வேலிக்கு அந்தப் பக்கம் ராணியம்மாள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அடியே சொக்கு, உன் பொண்ணு சாப்பிடணும்னு என் வயித்த புளிக்க வைக்கிறியே என்று நான் கிண்டல் பண்ணுவேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

போன ஆடியில் நான் நாற்றுக்கு விலை பேச மாகறல் போயிருந்த அன்று அவள் கிரைண்டரைப் போட்டாள், விழுந்தாள். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. நீ ஆபீசில் சாப்பிட உட்கார்ந்தபோது கோட்டைப் பார்த்தாய், சிரித்துக்கொண்டாய், சாப்பிட்டாய், பிறகு மறுபடி பார்த்தபோதும் கோடு அப்படியே நின்றது, ஆடிக் கூழுக்கு நிறைய அரைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தாய். நீ வந்து சேர்ந்த அன்று என் மடியில் தலையை வைத்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. காத்து நின்னிருந்தா பேட்டரி எறங்கி கோடு விழுந்திருக்கும்பா, நான் பதறிப்போய் போன் பண்ணியிருப்பேன், காத்து நிக்கலப்பா, நானே மாட்டின காத்தாடிப்பா என்றாய். டாக்டர் நெஞ்சு நின்றுவிட்டது, உடனே போயிருக்கும் என்றுதான் சொன்னார், ஆனால் செத்த வீட்டில் டாக்டர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நீ நம்பவில்லை, உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. மாப்பிள்ளை போன வாரம் தனியாகப் பேசினார். சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாயாம், கோடு கொஞ்சம் நேராக நின்றால் வேலையை விட்டு எழுந்துவிடுவாயாம், மீட்டர் கருகிய அன்றைக்குக் கோடே இல்லாமல் போனதும் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாயாம். கேட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை பாப்பா.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், இதை இரண்டு தடவை படி. கிரைண்டர் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துவிட்டு மீட்டரை முடிவு பண்ணலாம் என்று பஞ்சாட்சரம் இடுக்கி மாதிரி ஒரு சாமானை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கிரைண்டர் அன்றையிலிருந்து சாக்கில் கட்டிப் பரண்மேல் கிடந்தது, நான் தொடவே இல்லை. இறக்கி வைத்தபோது ராணியம்மாள் வேலி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியும், அன்றைக்கு மோர் கேட்டு வந்து முதலில் பார்த்தது அவள்தான், யார் கண்ணிலும் படக்கூடாது என்று கிரைண்டரைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழுவிக்கொடுத்ததும் அவள்தான். கல்லெல்லாம் நல்லா கீதா, அன்னிக்கி அத்த கழுவி எடுக்கறதுக்குள்ள என் கையே போச்சு என்றாள். ஏன் என்று கேட்டேன். உளுந்து கட்டியா உருண்டு கல்லுல ஒட்டிக்கினு இருந்துச்சி, அக்கா ஒரு கை தண்ணி கூட தெளிக்கலியே என்றாள். அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

உன் அம்மா மாவு அரைக்கிறதை நீ பார்த்திருக்கிறாய். சுவிட்சைப் போடுவாள், உளுந்தைத் தள்ளுவாள், கல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போகும். தெளிக்காமல் ஒரு நிமிஷம் விட்டவள் இல்லை, விட்டால் மாவு பொங்காது என்பாள், பக்கத்தில் நான் பேச்சுக்கொடுத்தாலும் கையால் போ போ என்பாள். அன்றைக்குச் சொம்பு நிரம்பியபடியே இருந்ததாம், அதையும் ராணியம்மாள்தான் சொன்னாள். ஒரு கை தண்ணீர்கூட எடுக்கவில்லை என்றால், சுவிட்சைப் போட்ட கையோடு போய்விட்டாள் என்று அர்த்தம். நீ முதல் தடவை கோட்டைப் பார்த்தபோதே அவள் இல்லை. நீ போன் பண்ணியிருந்தாலும், காற்று நின்றிருந்தாலும், நானே வாசலில் நின்றிருந்தாலும் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது. அவள் துடித்துக்கொண்டு கிடக்க நீ சாப்பிடவில்லை பாப்பா. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அன்றைக்கு மாட்டுக்கொட்டகையில் போய் நின்று சத்தம் போட்டு அழுதேன், மாடு திரும்பிப் பார்த்தது, பஞ்சாட்சரம் பாவம் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

அதனால்தான் போனுக்குப் போகாத மீட்டரை மாட்டச் சொன்னேன். போவதையும் வருவதையும் எண்ணுகிற மீட்டர்தான், கிரைண்டர் கிளம்பும்போது இழுக்கிற இழுப்பையும் தாங்கும், அடுப்படி வாசலில் என் கண் உயரத்துக்கு இருக்கிறது, கண்ணாடி போடாமலே படிக்கிறேன். அந்தக் கோடு கரண்ட் ஓடுகிறது என்று சொல்லும், பக்கத்தில் ஆள் நிற்கிறதா என்று சொல்லாது. இனிமேல் அதைப் பார்த்துக்கொண்டு நீ உட்கார வேண்டாம். அப்பா தனியாக இருக்கிறாரே என்று உனக்குப் பயம் இருக்கும், இருக்கட்டும், அந்தப் பயத்துக்கு எனக்குப் போன் போடு. அழுதாலும் பரவாயில்லை, நான் மாட்டைச் சாக்கு சொல்லாமல் கூடவே அழுகிறேன். நான் எடுக்கவில்லை என்றால் ராணியம்மாளுக்குப் போடு, அவள் வேலியைத் தாண்டி வந்து என்னைத் திட்டிவிட்டு உன்னிடம் சொல்வாள். அம்மா காரியத்துக்கு வந்தபோது காத்தாடியைக் கழற்றிவிடச் சொன்னாயே, அதையும் கழற்றவில்லை. அது உன் கையால் மாட்டியது, அது சுற்றுகிற சத்தம் கேட்டால்தான் உன் அம்மா தூங்குவாள், இப்போது நானும் அப்படி ஆகிவிட்டேன்.

ஆடியில் தலைத் திவசம் வருகிறது, லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வாருங்கள், கிடைக்காவிட்டால் மனதை அலட்டிக்கொள்ளாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் கோபத்தைக் காட்டாதே, நல்ல பிள்ளை, எனக்குச் சொல்லிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதே. தலைக்கு எண்ணெய் வை. அந்த ஊர்க் குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு, நிறைந்த வயிறோடு, சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும், உன் அம்மா எங்கே இருந்தாலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நேற்று சாயங்காலம் உளுந்து ஊறவைத்து நானே கிரைண்டரைப் போட்டேன். மீட்டரில் எண் குதித்தது, பக்கத்திலேயே நின்று ஒரு கை, ஒரு கை என்று தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன், மாவு நன்றாகத்தான் பொங்கியது. உன் போனில் எதுவும் வந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். அங்கே அப்போது மத்தியானம். சாப்பிடு பாப்பா.

இப்படிக்கு உன் அப்பா,
ச. பச்சமுத்து