பிறந்த வீட்டுக் கூட்டம்

அன்புள்ள உங்களுக்கு,

ஓசூரில் டிரெயினிங் எப்படிப் போகிறது? இதை எஸ்.டி.டி. பூத்தில் பேச முடியாது. அந்த பூத் நம் வாடகை வீட்டுக்காரம்மாவின் தம்பியுடையது.

அந்த அம்மா இப்போதெல்லாம் என்னைப் பார்த்து அதிகமாகச் சிரிக்கிறார். ஊரில் நாம் யாரென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. இந்தக் கோயமுத்தூரில் யாருக்கும் தெரியாது, அதனால் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நேற்று மல்லிகை தொடுத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக்காரரும் எங்களாட்டவே ஆந்தைக் கூட்டம்னு சொன்னாருங்க. பங்காளி ஆயிட்டோம். உங்க பொறந்த ஊடு எந்தக் கூட்டமுங்க?"

ஆந்தைக் கூட்டம் கவுண்டர்களின் குலப்பிரிவு. அவர்கள் தோட்டத்தில் கூலிக்குப் போனது நம் சனம். என்ன சொல்லி இந்த வீட்டைப் பிடித்தீர்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதற்றத்தில், "நாங்களும் அதேதானுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கை அப்படியே நின்றது. "ஒரே கூட்டத்துக்குள்ள யாருங்க கட்டுவாங்க? அண்ணன் தங்கச்சி மொறை ஆகுமுங்களே?"

வாய் தவறிவிட்டது என்று சமாளித்தேன். இன்று இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார். நம் ஊர்ப் பக்கம், கிணத்துக்கடவில் அவருக்குச் சொந்தக்காரர்கள் உண்டாம். விசாரித்து வைக்கிறாராம்.

எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. நீங்கள் என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை?

ஞாயிற்றுக்கிழமை என் அம்மா வருகிறாள். தோட்ட வேலைக்குப் போகிற அதே சேலையில்தான் வருவாள். அவளை யாரென்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
அவளுடைய மகள்